பெண் போர்வீரரும் விவரணப்படமும் - ஒரு வரலாற்று நோக்கு

கடந்த காலத்தை நினைவில் நிறுத்துவதற்கு மனிதன் கையாண்டுவரும் வழிகள் பல. ஏட்டில் எழுதுதலும் கல்லிற் பொறித்தலும் கதையாக வழங்குதலும் பழைய வழிகள். படக்கருவி கொண்டு பதிவு செய்தல் சென்ற நூற்றாண்டிற் செழித்த வழி. இவற்றோடு, பழைய போரொன்றினை அக்காலத்து உடையும் படைக்கலமும் தாங்கி, இயலுமாயின் அது நிகழ்ந்த நிலத்துக்கு அண்மையிலேயே, மீண்டும் நிகழ்த்திக் காட்டும் வழக்கமொன்று மேலைநாடுகளில், சிறப்பாக ஐக்கிய அமெரிக்காவில், வேரூன்றியுள்ளது. இதனை மீள்நிகழ்த்துகை என்றும், இதில் ஈடுபடுவோரை மீள்நிகழ்த்துநர் என்றும் இக்கட்டுரையிற் குறிப்பிடுவோம். இது கூலிக்கு நடிக்கும் நாடகமன்று. பங்குபற்றுவோர் தம் சொந்தப் பணத்தைச் செலவிட்டுச் சீருடை தைப்பித்து, துவக்கு வாங்கி, விடுமுறை நாள்களில் களத்திற் கூடுவர்.

இக்களத்திலே பெண்ணொருத்தி போர்வீரராக நிற்கலாமா என்ற வினா அமெரிக்காவில் நீதிமன்றம் வரை சென்றது. அதனைத் தொட்டுப் பெண் நெறியாளர் சிலர் விவரணப்படங்களும் ஆக்கமுற்பட்டனர். போர்வீரராகக் களம் புகும் மீள்நிகழ்த்துநரான பெண்களைப் பொருளாகக் கொண்டு ‘ரீஎனக்ட்ரஸ்’ என்னும் விவரணப்படத்தை எடுக்க முற்பட்டவர் ஜே. ஆர். ஹார்ட்மன். உள்நாட்டுப் போரில் ஆணுடை தரித்துப் போரிட்டதாகக் கூறிய லொரெற்றா வெலாஸ்கெஸ் என்பவரைப் பற்றி ‘ரெபல்’ என்னும் படத்தை 2013ஆம் ஆண்டில் வெளியிட்டவர் மரியா அகுயி காட்டர். மறைந்து வாழ்ந்தோரின் வரலாற்றைக் காண்பொருளாக்க முனையும் ஒருவர் எத்தகைய சான்றை நம்பலாம், எங்கே நின்று ஐயுறவேண்டும் என்பதை இவ்விரு முயற்சிகளையும் முன்வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மீள்நிகழ்த்துகையின் தோற்றமும் வளர்ச்சியும்

அமெரிக்க உள்நாட்டுப் போர் 1861 தொடக்கம் 1865 வரை நடைபெற்றது. அடிமைமுறையைப் பேணும் பொருட்டுப் பிரிந்துசென்ற தென் மாநிலங்களுக்கும், ஒன்றியத்தைக் காக்க முனைந்த வட மாநிலங்களுக்குமிடையே மூண்ட இப்போரில் 6 இலட்சத்துக்கும் மேற்பட்ட போர்வீரர் மாண்டனர். இவர்களுள் களத்திற் பட்டோரினும் நோயால் இறந்தோரே மிகுதியானவர். அந்நாட்டு மக்கள் தம் வரலாற்றின் பெரும் பிளவாக இதனையே இன்றும் கருதுகின்றனர். ஆதலின் அதனை நினைவுகூரும் வழிகளும் அங்கு மிகுதியாக உள்ளன.

முதலில் நினைவுகூர்ந்தோர் போரிட்ட வீரர்களே. கெற்றிஸ்பேர்க் போரின் 50ஆம் ஆண்டு நிறைவையொட்டி 1913ஆம் ஆண்டில் அக்களத்தில் இருதரப்பிலுமிருந்து 50,000க்கும் மேற்பட்ட முதிய வீரர் கூடினர். இளமையில் ஒருவரையொருவர் கொல்ல ஓடிய அதே சரிவிலே தளர்ந்த நடையுடன் மீண்டும் நடந்து, கற்சுவரின் இருபுறமும் நின்று கைகுலுக்கிக்கொண்டனர். அன்று நிகழ்ந்ததும் ஒருவகை மீள்நிகழ்த்துகையே. ஆனால் அவர்கள் வேடம் புனையவில்லை. தாங்கள் தாங்களாகவே நின்றனர்.

அவ்வீரர்கள் மறைந்தபின் அவர்களுடைய இடத்தில் வேறொருவர் நிற்கவேண்டிய தேவை எழுந்தது. போரின் நூற்றாண்டு நினைவாக 1961ஆம் ஆண்டு யூலை மாதத்தில் மனாசஸ் களத்தில் ஆயிரக்கணக்கானோர் பங்குபற்றிய பெரும் மீள்நிகழ்த்துகை நடைபெற்றது. அதன் பின்னர், வீரர் மாண்ட நிலத்தில் கேளிக்கை போன்று சண்டை காட்டுதல் தகாதெனப் பலர் குறைகூறினர். தேசியப் பூங்காச் சேவை தன் பொறுப்பிலுள்ள களங்களில் எதிரெதிர் அணிகள் மோதும் காட்சியைப் பிற்காலத்தில் அனுமதிப்பதில்லை. ஆயினும் அக்காலப் பாசறை வாழ்க்கை, அணிநடை, துவக்குப் பயிற்சி என்பவற்றைப் பார்வையாளருக்குக் காட்டும் நிகழ்ச்சிகள் தொடர்ந்தன. மோதற் காட்சிகள் அண்டை நிலங்களுக்கு இடம்பெயர்ந்தன. திரைப்படத் துறையும் இவர்களைப் பயன்படுத்திக்கொண்டது. 1993ஆம் ஆண்டில் வெளிவந்த ‘கெற்றிஸ்பேர்க்’ திரைப்படத்தின் போர்க்காட்சிகளில் ஆயிரக்கணக்கான மீள்நிகழ்த்துநர் அணிவகுத்தமை இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும்.

இவ்வழக்கம் பரவியபோது ‘உண்மைத்தன்மை’ என்பது அதன் தலையாய விழுமியமாயிற்று. சட்டைப் பொத்தான் எவ்வுலோகத்தால் ஆயது, தையல் கையாலா இயந்திரத்தாலா என்பன வரை விவாதிக்கப்பட்டன. இவ்வுண்மைத்தன்மையின் பெயராலேயே பெண்கள் போர்வீரர் அணியினின்றும் விலக்கப்பட்டனர்.

அன்ரீற்றம் வழக்கு

மேரிலன்ட் மாநிலத்திலுள்ள அன்ரீற்றம் என்னுமிடத்தில் 1862ஆம் ஆண்டு செப்டெம்பர் 17ஆம் நாள் நடந்த போரில் ஒரே பகலில் ஏறத்தாழ 23,000 பேர் கொல்லப்பட்டோ காயமுற்றோ காணாமற் போயோ வீழ்ந்தனர். அமெரிக்க வரலாற்றில் ஒரு நாளிற் சிந்தப்பட்ட குருதியில் இதுவே மிக அதிகமெனக் கூறுவர். அக்களம் இன்று தேசியப் பூங்காச் சேவையின் பாதுகாப்பில் உள்ளது.

1989ஆம் ஆண்டில் அங்கு நடந்த நிகழ்ச்சியொன்றில் லோரன் குக் பேர்ஜெஸ் என்னும் பெண் ஆண் வீரரின் சீருடையணிந்து குழலூதுபவராகக் கலந்துகொண்டார். அவரது தோற்றத்தை எவரும் ஐயுறவில்லை. பெண்களுக்கான கழிப்பறையிலிருந்து அவர் வெளியே வந்தபோதே அவர் பெண்ணென்பது தெரியவந்தது. பெண்கள் போர்வீரராகத் தோன்றுதல் வரலாற்றுக்குப் பொருந்தாதெனக் கூறிப் பூங்கா அலுவலர் அவரை விலக்கினர். அவர் அடங்கிப் போகவில்லை. பூங்காச் சேவை உள்நாட்டலுவல்கள் திணைக்களத்தின் கீழ் அமைந்தமையால் அத்திணைக்களத்தின் செயலாளர் மீது 1991ஆம் ஆண்டில் வழக்குத் தொடுத்தார். 1993ஆம் ஆண்டில் தீர்ப்பு அவருக்குச் சார்பாக அமைந்தது. பெண்ணென்ற காரணத்தால் மட்டும் ஒருவரை விலக்குதல் அரசியலமைப்புக்கு முரணானதென நீதிமன்றம் கண்டது.

இவ்வழக்கிலே சமத்துவம் பற்றிய கோரிக்கையோடு வரலாறு பற்றிய கூற்றொன்றும் அடங்கியிருந்தது. ‘எனக்கும் இடம் தருக’ என்று கேட்டதோடு பேர்ஜெஸ் நின்றுவிடவில்லை. அன்ரீற்றத்திலே பெண்கள் உண்மையாகவே போரிட்டனர் என்பதும் அவருடைய வாதமாயிருந்தது. அலுவலர் எந்த உண்மைத்தன்மையைச் சொல்லி அவரை விலக்கினாரோ அதே உண்மைத்தன்மையை அவர் தம் பக்கத்துச் சான்றாக நிறுத்தினார். ஆகவே வினா, பெண்கள் மீள்நிகழ்த்தலாமா என்பதிலிருந்து, அன்று நிகழ்ந்தது யாது என்பதற்கு நகர்ந்தது.

ஆணுடையில் மறைந்தோர்

அன்று நிகழ்ந்தது யாது? இருதரப்புப் படைகளும் பெண்களை வீரராகச் சேர்க்க மறுத்தன. ஆயினும் பெண்கள் தலைமயிரைக் கத்தரித்து, ஆண்பெயர் பூண்டு சேர்ந்தனர். படையிற் சேரும்போது செய்யப்பட்ட மருத்துவப் பரிசோதனை பெரும்பாலும் பெயரளவினதாகவே இருந்தது. தோட்டாவுறையைக் கடித்துக் கிழிக்கப் பற்களும், துவக்கின் விசையை இழுக்க விரலும் இருப்பின் போதுமெனக் கருதிய மருத்துவரும் உளர். வயதுக்கு வராத சிறுவர் பலர் பொய் வயது சொல்லிச் சேர்ந்திருந்தமையால் மீசை அரும்பாத முகம் ஐயத்தைத் தூண்டவில்லை. சீருடை தளர்ந்தது, வீரர் உடையோடே உறங்குவதும், மறைவிடம் நாடிக் காட்டுக்குள் ஒதுங்குவதும் வழக்கம். இச்சூழ்நிலை மறைவுக்குத் துணைசெய்தது.

அன்ரீற்றம் போரில் மார்பிற் குண்டடிபட்ட வீரரொருவருக்குச் சிகிச்சை செய்த கிளாரா பார்ட்டன், பின்னாளில் அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்தை நிறுவியவர், அவ்வீரர் மேரி கலோவே என்னும் பெண்ணென அறிந்து அவரை வீடு திரும்பச் செய்தார். அடுத்த ஆண்டில் கெற்றிஸ்பேர்க்கில் பிணங்களைப் புதைத்த பணிபற்றி 1863 யூலை 17ஆம் நாள் அறிக்கை வரைந்த வில்லியம் ஹேய்ஸ் என்னும் வடபுலத் தளபதி, எதிரணிச் சீருடையிற் கிடந்த பெண் வீரரொருவரின் சடலத்தையும் கணக்கிற் சேர்த்துள்ளார். அவர் பெயர் யாது, எவ்வூரார் என்பவற்றை அவ்வறிக்கை கூறவில்லை. ஓர் எண்ணாகவே அவர் வரலாற்றில் நிற்கின்றார்.

இவர்களுள் தம் சொந்த எழுத்தை விட்டுச்சென்றவர் சேரா றொசெற்றா வேக்மன். நியூயோர்க் மாநிலத்து உழவர் குடும்பமொன்றிற் பிறந்த அவர், ஆணுடை தரித்து முதலில் கால்வாய்ப் படகொன்றில் வேலைசெய்தார். பின்னர் 1862ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் லயன்ஸ் வேக்மன் என்னும் பெயரில் நியூயோர்க் 153ஆம் படைப்பிரிவிற் சேர்ந்தார். சாதாரண வீரரின் மாதச் சம்பளம் 13 டொலர். அதனோடு சேரும்போது கொடுபடும் ஊக்கத்தொகையும் உண்டு. வீட்டுவேலை செய்யும் பெண்ணொருத்தி இத்தொகையைக் கனவிலும் காணமுடியாது. வேக்மன் வீட்டுக்குப் பணம் அனுப்பினார், கடிதமும் எழுதினார். பெண்கள் போருக்குச் சென்றமைக்குக் காதலனைப் பின்தொடர்ந்தமையும் நாட்டுப்பற்றும் மட்டுமே காரணங்களெனச் சொல்லும் கதைகளுக்கு இக்கடிதங்கள் தக்க மறுப்பாகின்றன. 1864ஆம் ஆண்டு யூன் 19ஆம் நாள் நியூ ஓலியன்ஸ் நகரத்து இராணுவ மருத்துவமனையில் வயிற்றோட்ட நோயால் அவர் இறந்தார். அவர் பெண்ணென்பது இறுதிவரை வெளிப்படவில்லை. இன்றும் அவரது கல்லறையில் லயன்ஸ் வேக்மன் என்ற பெயரே உள்ளது. குடும்பத்தார் பேணிய கடிதங்கள் 1994ஆம் ஆண்டில் நூலாக வெளிவந்தன. அவற்றைப் பதிப்பித்தவர் அன்ரீற்றத்திலிருந்து விலக்கப்பட்ட அதே லோரன் குக் பேர்ஜெஸ் என்பது மனங்கொள்ளத்தக்கது.

அல்பேட் காஷியரின் வாழ்வு வேறுவகையானது. அயர்லாந்தில் ஜெனி ஹொட்ஜேர்ஸ் என்ற பெயருடன் பிறந்த அவர், 1862இல் இல்லினோய் 95ஆம் படைப்பிரிவிற் சேர்ந்து போர் முடியும்வரை பணியாற்றினார். போருக்குப் பின்னரும் ஆணாகவே வாழ்ந்தார்; வாக்களித்தார்; ஓய்வூதியமும் பெற்றார். 1911இல் ஏற்பட்ட விபத்தில் கால் முறிந்தபோது உண்மை சிலருக்குத் தெரியவந்தது. பின்னர் மனநோய் மருத்துவமனையிற் சேர்க்கப்பட்ட அவர் அங்கே பாவாடை அணியுமாறு கட்டாயப்படுத்தப்பட்டார். அவருடைய ஓய்வூதியம் விசாரணைக்குள்ளானபோது பழைய தோழர்கள் அவர் தம்மோடு போரிட்டவரே எனச் சாட்சி கூறினர். 1915இல் இறந்த அவர் சீருடையுடனே அடக்கஞ் செய்யப்பட்டார். வேக்மனையும் காஷியரையும் ஒரே பட்டியலில் ‘ஆண்வேடமிட்ட பெண்கள்’ என எழுதிவிடுதல் எளிது. ஆனால் வாழ்நாள் முழுவதும் ஆணாக வாழ்ந்த ஒருவரின் வாழ்வை வேடமென்று சொல்லலாமா என்பது நாம் தயங்கிக் கூறவேண்டியதொன்று. காஷியரை ஆணாகவே கொள்ளவேண்டும் என்போர் இன்று பலருளர்.

அலுவலகத்தின் மறுப்பு

இத்தகையோர் இருந்தமை அக்காலத்தார் அறியாததன்று. மிச்சிகன் 2ஆம் படைப்பிரிவில் பிராங்க்ளின் தொம்சன் என்ற பெயருடன் பணியாற்றிய சேரா எம்மா எட்மண்ட்ஸ் என்பவருக்கு 1884ஆம் ஆண்டில் அமெரிக்கப் பாராளுமன்றமே சட்டமியற்றி மாதம் 12 டொலர் ஓய்வூதியம் வழங்கிற்று. ஹேய்ஸ் தளபதியின் அறிக்கை, அரசு தொகுத்து வெளியிட்ட போர் ஆவணத் தொகுதிகளில் அச்சாகியிருந்தது.

இவ்வாறிருக்க, 1909ஆம் ஆண்டில் ஐடா ராபெல் என்னும் புகழ்பெற்ற பத்திரிகையாளர், போரிற் பணியாற்றிய பெண்கள் பற்றிப் போர்த் திணைக்களத்திடம் எழுதி வினவினார். படைப்பதிவேடுகளுக்குப் பொறுப்பாயிருந்த தளபதி எயின்ஸ்வேர்த் விடையிறுத்தார். பெண்ணெவரும் படையிற் சேர்க்கப்பட்டமைக்கு உத்தியோகபூர்வச் சான்று எதுவும் கிடைக்கவில்லை என்பதே அவ்விடையின் சாரம். படைவீரர் ஒவ்வொருவருக்கும் அட்டை வகுத்துச் சேவைப் பதிவுகளை ஒழுங்குபடுத்தும் முறையை ஏற்படுத்தியவரும் அவரே. அவருடைய அலுவலகத்து அட்டைகளுள் ஒன்று மிசூரி 17ஆம் படைப்பிரிவைச் சேர்ந்த ஜோன் வில்லியம்ஸ் என்பவருக்குரியது. 1861 ஒக்டோபரிற் சேர்ந்து அம்மாதத்திலேயே விடுவிக்கப்பட்ட அவ்வீரர், பெண்ணென நிரூபணமானமையால் நீக்கப்பட்டார் என அவ்வட்டை கூறுகின்றது. சான்று அலுவலகத்தின் உள்ளேயே இருந்தது; இல்லையென்ற விடை வெளியே சென்றது.

இம்முரண்பாட்டை எடுத்துக்காட்டியவர் அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தில் ஆவணவியலாளராகப் பணியாற்றிய டிஆன் பிளான்ரன். அவரது கட்டுரை 1993ஆம் ஆண்டில், அன்ரீற்றம் வழக்கின் தீர்ப்பு வெளியான அதே ஆண்டில், காப்பகத்தின் சஞ்சிகையில் வெளிவந்தது. பின்னர் அவரும் லோரன் குக்கும் இணைந்து எழுதி 2002இல் வெளியிட்ட நூலில் ஏறத்தாழ 250 பெண் வீரர் பற்றிய செய்திகள் ஆவண ஆதாரத்தோடு திரட்டப்பட்டன. போர்க்காலத்தில் வீரர் நலப்பணியில் ஈடுபட்ட மேரி லிவர்மோர் 400க்குச் சற்றுக் குறைவான தொகையொன்றைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே குறிப்பிட்டிருந்தார்.

இங்கே வரலாற்று மாணவர் ஒன்றை நன்கு சிந்திக்கவேண்டும். நமக்குக் கிடைக்கும் பெயர்களுள் பெரும்பாலானவை பிடிபட்டோர், காயமுற்றோர், களத்திற் பிணமாய்க் கிடந்தோர் ஆகியோரின் பெயர்களே. எவர் தம் மறைவைச் செவ்வனே காத்தாரோ அவர் பதிவேட்டில் ஓர் ஆணாகவே நிலைத்துவிட்டார். வேக்மனின் கடிதங்களை வீட்டார் எரித்திருந்தால் அவரும் அவ்வாறே மறைந்திருப்பார். மறைவு வெற்றிபெற்ற இடத்திற் சான்று இல்லாமற் போகின்றது. ஆகவே ‘சான்றில்லை’ என்பதை ‘நிகழவில்லை’ எனப் பொருள்கொள்ளுதல் இத்துறையிற் பெரும் பிழையாகும்.

விவரணப்படமும் மீள்நிகழ்த்துகையும்

இத்தகைய பொருளைப் படமாக்குவோர் எதிர்கொள்ளும் இடர்ப்பாடு இப்பொழுது தெளிவாகும். எழுத்தாளர் ‘தெரியவில்லை’ என்று ஒரு வரி எழுதிவிட்டு மேலே செல்லலாம். படமெடுப்பவர் திரையில் எதையேனும் காட்டியே ஆகவேண்டும். உள்நாட்டுப் போர்க்காலத்தில் ஒளிப்படக்கலை இருந்தது. அசையும் படம் இருக்கவில்லை. 1990ஆம் ஆண்டில் தொலைக்காட்சியில் ஒன்பது பகுதிகளாக வெளிவந்த கென் பேர்ண்ஸின் ‘சிவில் வோர்’ என்னும் விவரணத் தொடர், பழைய ஒளிப்படங்களின் மீது படக்கருவியை மெல்ல நகர்த்தியும் கடிதங்களை வாசிப்பித்தும் இவ்விடர்ப்பாட்டைக் கடந்தது. ஆனால் ஒளிப்படமே எஞ்சாத ஒருவரைக் காட்டுவது எவ்வாறு?

இவ்விடத்திலே விவரணப்படம் மீள்நிகழ்த்துகையின் துணையை நாடுகின்றது. இது புதியதொன்றன்று. விவரணப்படத்தின் முன்னோடியெனப் போற்றப்படும் றொபேட் பிளாகேட்டியின் ‘நானூக் ஒவ் த நோர்த்’ 1922இல் வெளிவந்தது. அதில் வரும் பனிவீடு, உள்ளே போதிய வெளிச்சம் கிடைக்கும்பொருட்டு ஒரு பக்கம் திறந்ததாக அமைக்கப்பட்டது. துவக்கு வழக்கிற்கு வந்துவிட்ட காலத்தில் பழைய ஈட்டிகொண்டு வேட்டையாடும் காட்சியும் அதில் உண்டு. பீற்றர் வொட்கின்ஸ் 1964இல் பி.பி.சி.க்காக ஆக்கிய ‘கலோடன்’, 1746இல் நடந்த போரைத் தொழில்முறை நடிகரல்லாதாரைக் கொண்டு, தொலைக்காட்சிச் செய்தியாளர் களத்தில் நின்று பேட்டி காண்பதுபோலக் காட்டிற்று. அக்காலத்தில் தொலைக்காட்சி இருக்கவில்லை என்பது பார்ப்போர் அனைவருக்கும் தெரியும். ஆதலால் அவர் எவரையும் ஏமாற்றவில்லை. தாம் கையாளும் உத்தியை வெளிப்படையாகவே வைத்தார். இவ்வேறுபாடு முக்கியமானது. புனைந்து காட்டுதல் விவரணப்படத்திற் குற்றமாகாது. புனைந்ததைப் புனைந்ததென்று பார்ப்போர் அறியாவண்ணம் விடுதலே குற்றமாகும்.

வெலாஸ்கெஸ் கதையும் ‘ரெபல்’ படமும்

மரியா அகுயி காட்டர் எடுத்துக்கொண்ட பொருள் இவ்வகையில் மிகக் கடினமானது. லொரெற்றா வெலாஸ்கெஸ் 1876ஆம் ஆண்டில் தம் வரலாற்றைத் தாமே நூலாக வெளியிட்டார். கியூபாவின் ஹவானா நகரிற் பிறந்ததாகவும், ஹரி பியூபேர்ட் என்னும் பெயருடன் தென்புலப் படையில் அலுவலராக நின்று புல்ரன், ஷைலோ முதலிய போர்களிற் பங்குபற்றியதாகவும், பின்னர் ஒற்றராகப் பணியாற்றியதாகவும் அதில் அவர் கூறினார். தென்புலத் தளபதியாயிருந்த ஜூபல் ஏர்லி அந்நூலைப் பொய்யெனக் கண்டித்தார். தென்னாட்டுப் பெண்மை பற்றி அவர் கொண்டிருந்த எண்ணத்துக்கு இத்தகைய பெண்ணொருத்தி ஒவ்வாதவராயிருந்தார்.

அகுயி காட்டர் எக்குவடோரிற் பிறந்தவர். உரிய ஆவணங்களின்றி அமெரிக்காவிற் குடியேறிய குழந்தைப் பருவத்தை உடையவர். பின்னர் ஹாவேட் பல்கலைக்கழகத்திற் பயின்றவர். ஸ்பானிய மொழிவழி வந்த பெண்ணொருவர் அமெரிக்க வரலாற்றின் நடுவே நின்றும் அதன் ஏடுகளிலிருந்து பொய்யரென நீக்கப்பட்டார் என்ற செய்தி அவரை ஈர்த்ததில் வியப்பில்லை. அவரது படம் நடிகை கொண்டு அமைத்த காட்சிகளையும் வரலாற்றறிஞரின் கூற்றுகளையும் இணைத்து, வெலாஸ்கெஸ் யார், அவரை மறக்கச் செய்தவர் யாவர் என்னும் வினாக்களைத் துப்பறியும் கதைபோலத் தொடர்கின்றது. பொதுத் தொலைக்காட்சியில் அது 2013 மே மாதத்தில் ஒளிபரப்பாயிற்று.

மூன்று ஆண்டுகளின் பின், 2016இல், உள்நாட்டுப் போர் வரலாற்றில் நீண்டகாலம் உழைத்த வில்லியம் சி. டேவிஸ் வெலாஸ்கெஸ் பற்றி விரிவான நூலொன்றை வெளியிட்டார். பத்திரிகைச் செய்திகளையும் பதிவேடுகளையும் ஒப்புநோக்கிய அவர், வெலாஸ்கெஸ் சீருடையணிந்து திரிந்ததும் அதற்காகப் பிடிபட்டதும் உண்மையெனினும் களத்திற் போரிட்டார் என்பதற்கு ஆதாரமில்லை என்றும், பல பெயர்களிற் பலரை ஏமாற்றி வாழ்ந்தவர் என்றும், கியூபப் பிறப்பும் ஐயத்துக்குரியதே என்றும் வாதிட்டார்.

இவ்விடத்தில் நம் நிலை யாது? ஏர்லி வெலாஸ்கெஸை மறுத்தமைக்குக் காரணம் பெண்ணைப் பற்றிய முற்சாய்வு. டேவிஸ் மறுத்தமைக்குக் காரணம் பதிவேடுகள். மறுப்பு என்னும் முடிவு ஒன்றாயிருப்பதால் இருவரையும் ஒரே தராசிலிடுதல் தகாது. அதேபோல, ஏர்லியின் முற்சாய்வு வெளிப்பட்டுவிட்டது என்பதால் வெலாஸ்கெஸ் கூறியன அனைத்தும் உண்மையாகிவிடா. ஒடுக்கப்பட்டோரின் வரலாற்றை மீட்க முனைவோருக்கு இது கசப்பான பாடம். இருந்தோரை இல்லையென்று சொன்ன எயின்ஸ்வேர்த்தின் விடை எவ்வளவு தவறோ, நிகழாததை நிகழ்ந்ததென ஏற்றுக்கொள்ளும் ஆர்வமும் அவ்வளவு தவறு. மேலும், ஐயத்துக்கிடமான ஒரு வெலாஸ்கெஸை முன்னிறுத்தினால், ஐயமற்ற நூறு பேரையும் அவரோடு சேர்த்துத் தள்ளிவிட எதிர்வாதிக்கு வாய்ப்பளித்தவராவோம். ‘ரெபல்’ படத்தின் நிலைத்த பயன், அது தரும் விடையினும் அது எழுப்பும் வினாவிலேயே உள்ளதென்பது இக்கட்டுரையாளரின் கருத்தாகும்.

ஹார்ட்மனின் முயற்சி

ஹார்ட்மன் வேறு வழியிற் சென்றார். இறந்த பெண்ணொருவரின் கதையைக் காட்ட முனையாது, அத்தகையோரைப் போன்று இன்று களத்தில் நிற்கும் பெண்களை நோக்கிப் படக்கருவியைத் திருப்பினார். அவர்களைப் புறத்தே நின்று பார்த்ததோடு அமையாது, தாமும் சீருடை அணிந்து அவர்களுள் ஒருவரானார். அவரது படத்தின் தலைப்பு, மீள்நிகழ்த்துநரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லையும் நடிகை என்னும் சொல்லையும் ஒன்றாய் இணைத்து ஆக்கப்பட்டது. அத்தலைப்பில் ஒரு நுட்பம் உண்டு. ஆண் மீள்நிகழ்த்துநர் போர்வீரரொருவராக வேடம் புனைகின்றார். பெண் மீள்நிகழ்த்துநரோ, போர்வீரராக வேடம் புனைந்த பெண்ணொருவராக வேடம் புனைகின்றார். இது வேடத்துள் வேடம். அவர் எவ்வளவு சிறப்பாக நிகழ்த்துகின்றாரோ அவ்வளவுக்கு அவரை எவரும் காணமுடியாது. ஆனால் படக்கருவியின் முன் அவர் தம்மை வெளிப்படுத்தியே ஆகவேண்டும். வேக்மன் முதலியோர் எதனை உயிரினும் மேலாக மறைத்தனரோ அதனையே படம் கேட்கின்றது.

1993ஆம் ஆண்டுத் தீர்ப்பு அரசின் பூங்காக்களையே கட்டுப்படுத்தியது. தனியார் குழுக்கள் தத்தம் விதிகளை வகுத்துக்கொண்டன. பெண்களை முற்றாக ஏற்காத குழுக்களும் உண்டு. பார்வையாளர் நிற்கும் தூரத்தில் ஆணாகவே தோன்றவேண்டுமென்ற நிபந்தனையோடு ஏற்கும் குழுக்களும் உண்டு. எதிர்ப்போரின் வாதம் முற்றாகப் புறக்கணிக்கத்தக்கதன்று. இருதரப்பிலும் இலட்சக்கணக்கில் அணிதிரண்ட படைகளில் சில நூறு பெண்கள் இருந்தனர் எனின், நாற்பது பேர் கொண்ட அணியிற் பத்துப் பெண்கள் வெளிப்படையாக நிற்பது பார்ப்போருக்குப் பிழையான விகிதத்தைக் காட்டும். இது நேர்மையான வாதமே. ஆயினும் அதே அளவுகோல் ஆண்களுக்கும் பிரயோகிக்கப்படவேண்டும். அன்றைய போர்வீரர் பெரும்பாலும் இருபத்தைந்து வயதளவினரான மெலிந்த இளைஞர். இன்று அவர் வேடத்தில் நிற்போருள் ஐம்பது வயது கடந்த, தொந்தி தள்ளிய கனவான்கள் பலர். உண்மைத்தன்மைக்குப் பொருந்தாதெனக் கூறி அவர்களை எவரும் களத்தினின்றும் அனுப்பியதில்லை. ஓரிடத்தில் இறுக்கியும் மற்றோரிடத்தில் தளர்த்தியும் பிடிக்கப்படும் கோலை அளவுகோலெனல் பொருந்தாது.

ஹார்ட்மன் போன்றோரின் முயற்சிக்குரிய வரலாற்றுப் பெறுமதி இங்கேதான் உள்ளது. இன்றைய பெண்ணொருவர் சீருடையில் நிற்பது, 1862இல் ஒரு பெண் அவ்வாறு நின்றார் என்பதற்குச் சான்றாகாது. அதனை வேக்மனின் கடிதமும் ஜோன் வில்லியம்ஸின் அட்டையுமே நிறுவும். ஆனால் அச்சீருடையில் ஒரு பெண் எவரும் ஐயுறாவண்ணம் நிற்பது இயலும் என்பதை அவர் காட்டுகின்றார். இல்லையென்போர் நெடுங்காலம் முன்வைத்தது ஆவண வாதத்தோடு ‘அது எங்ஙனம் முடியும்?’ என்னும் இயலாமை வாதமுமாகும். அன்ரீற்றத்தில் எவர் கண்ணிலும் படாது குழலூதி நின்ற பேர்ஜெஸ் அவ்வினாவுக்கு விடையளித்துவிட்டார்.

முடிவுரை

1909ஆம் ஆண்டில் போர்த் திணைக்களம் தன் அட்டைகளைப் பாராமலே இல்லையென்றது. 1989ஆம் ஆண்டில் பூங்கா அலுவலர் அவ்வில்லையென்பதையே விதியாக்கினர். எண்பது ஆண்டுகள் நிலைத்த இத்தவற்றை மாற்றியவர்கள் பெரிய நிறுவனங்களல்லர். குழலூதச் சென்று விலக்கப்பட்ட ஒருவரும், காப்பகத்துப் பெட்டிகளைப் பொறுமையோடு திறந்து பார்த்த ஒருவரும், பழைய கடிதங்களை எறியாது வைத்திருந்த குடும்பமொன்றுமே மாற்றினர். படக்கருவியோடு பின்வந்த நெறியாளர்கள் அம்முயற்சியை மக்கள் கண்முன் கொண்டுசெல்லும் பொறுப்பை ஏற்றவர்கள். அவர்களது படங்களை மதிப்பிடும்போது, ஒளிப்பதிவின் அழகையும் நோக்கத்தின் உயர்வையும் நோக்குவதோடு, ‘இதனை நாம் எவ்வாறு அறிந்தோம்’ என்பதையும் படம் சொல்கின்றதா எனக் கேட்கவேண்டும். அதனைச் சொல்லும் படம், பின்னொருநாள் புதிய ஆவணம் கிடைத்து அதன் முடிவு மாறினும் பயன் தருவதாகவே இருக்கும்.

கெற்றிஸ்பேர்க்கில் ஹேய்ஸ் தளபதியின் ஆட்கள் புதைத்த அப்பெண்ணுக்கு இன்றும் பெயரில்லை. அவருக்கு ஒரு பெயரையும் முகத்தையும் காதற் கதையொன்றையும் புனைந்து திரையில் ஏற்றுவது மிக எளிது. பெயரறியாத அப்பெண்ணைப் பெயரறியாதவராகவே காட்டி, அவர் அங்கே கிடந்தார் என்ற உண்மையை மட்டும் பார்ப்போர் மனத்திற் பதியவைப்பது கடினம். அக்கடினமான பணியை ஏற்கும் நெறியாளரே வரலாற்றாசிரியரோடு ஒருங்கு வைத்து எண்ணத்தக்கவர்.